கண்ணுக்கொரு படமா? கருத்துக்கொரு படமா?

காஞ்சிபுரத்தில் தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கண்ணின் மதிப்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிறம் பார்ப்பதும், கரை பார்ப்பதும், சரிகையின் மினுக்கைப் பார்ப்பதுமே இவ்வூராரின் பிழைப்பு. அதே ஊர்தான், தமிழ்த் திரைப்படத்தில் வசனத்தை அரியணை ஏற்றிய அறிஞர் அண்ணாவையும் 1909-ஆம் ஆண்டில் ஈன்றது. கண்ணால் பிழைக்கும் ஊர், காதுக்கு விருந்து படைத்த ஒருவரை, அதுவும் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பெற்றெடுத்தது வியப்பன்றோ?

இந்த வியப்பு நம் உள்ளத்தில் தோன்றியது 2013-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். 'கிராவிட்டி' என்னும் விண்வெளிப் படம் அப்போது இந்தியாவுக்கு வந்திருந்தது. சென்னையில் அதனைக் கண்டுவிட்டுக் காஞ்சிக்குப் பேருந்தில் திரும்பிக் கொண்டிருந்தோம். உடன் வந்தவர் இருவர். ஒருவர், ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் கால் வைத்து நெய்துவரும் முதியவர். நம் அண்டை வீட்டார். மற்றவர் நம் தங்கை மகன். பொறியியல் கற்றுக் கொண்டிருந்த இளைஞர்.

"கண் நிறைஞ்சு போச்சு பாய்! குழியிலே உட்கார்ந்தவனைத் தூக்கி வானத்திலே விட்டுட்டான்" என்றார் பெரியவர்.

"கதையே இல்லையே மாமு! ஒருத்தி மேலே மாட்டிக்கிட்டா, அப்புறம் கீழே வந்து சேர்ந்தா. இதுக்கா ஒன்றரை மணி நேரம்?" என்றார் இளைஞர்.

வயதைக் கொண்டு நோக்கினால் இவ்விரு தீர்ப்புகளும் இடம் மாறியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆயினும் நடந்தது இதுவே. ஸ்ரீபெரும்புதூர் கடந்தும் வழக்கு முடியவில்லை. நாம் நடுவில் அமர்ந்து இரு பக்கமும் தலையசைத்துக் கொண்டு வந்தோம். அன்று சொல்லத் தெரியாத தீர்ப்பைத் தேடியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

உலகமே இரண்டுபட்டது

அப்படத்தைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். மெக்சிக்கோ நாட்டவரான அல்போன்சோ குவாரோன், தம் மகன் யோனாசுடன் சேர்ந்து எழுதி இயக்கிய படம் அது. பூமியைச் சுற்றிவரும் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கச் சென்றவர்கள் மீது, உடைந்த செயற்கைக் கோள்களின் சிதறல்கள் புயலெனப் பாய்கின்றன. அவர்கள் வந்த விண்கலம் சிதைகிறது. எஞ்சியவர் இருவர், பின்னர் ஒரே ஒரு பெண். மருத்துவப் பொறியியலாளரான அவர், கலம் விட்டுக் கலம் தாவி உயிர் பிழைத்துப் பூமிக்கு வந்து சேர்வதே கதை. சாண்ட்ரா புல்லக்கும் ஜார்ஜ் குளூனியும் தவிர, வேறு முகம் திரையில் தோன்றுவது அரிது.

படத்தின் நீளம் 91 நிமிடம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் கலம் ஒன்று பூமியை ஒரு முறை சுற்றிவர எடுத்துக் கொள்ளும் நேரமும் ஏறத்தாழ அதுவேதான். தொடக்கக் காட்சி, வெட்டு ஒன்றும் இல்லாததுபோல் ஏறத்தாழ 13 நிமிடம் ஓடுகிறது. நடிகையை, உட்சுவரெங்கும் சிறு விளக்குகள் பதித்த பெட்டியொன்றில் நிறுத்தி, பூமியின் ஒளியும் கதிரவனின் ஒளியும் அவர் முகத்தில் மாறி மாறி விழும்படி செய்து படம் பிடித்தார் ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி. காற்றில்லாத வெளியில் ஓசை பரவாது என்பதை மதித்து, கலங்கள் நொறுங்கும்போது வெடிச் சத்தம் கேளாதவாறு அமைத்திருந்தனர்.

இதனைக் கண்டு மயங்கியவர் பலர். 'டைட்டானிக்', 'அவதார்' ஆகிய படங்களைத் தந்த ஜேம்ஸ் கேமரூன், விண்வெளிப் படங்களில் இதுவே சிறந்தது எனப் போற்றினார். நிலவில் நடந்த பஸ் ஆல்டிரினும் பாராட்டினார். மறுபுறம், 'வெறும் காட்சி. உள்ளே ஒன்றுமில்லை' என்று உதடு பிதுக்கியவரும் எங்கும் இருந்தனர்.

மூன்றாவது கட்சி ஒன்றும் எழுந்தது. அது விஞ்ஞானிகளின் கட்சி. வானியல் அறிஞர் நீல் டிகிராஸ் டைசன் குற்றப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஹப்பிள் தொலைநோக்கி அப்போது சுற்றியது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்; பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். இரண்டின் பாதைகளும் வெவ்வேறு சாய்வு கொண்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மிதந்து செல்வது நடவாத காரியம். எடையற்ற நிலையில் அந்நடிகையின் தலைமயிர் மிதவாமல் படிந்திருந்ததையும் அவர் விடவில்லை. ஆயினும் படத்தைத் தாம் மிகவும் சுவைத்ததாகவும் பின்னர் அவரே கூறிவிட்டார்!

2014 மார்ச்சில் ஆஸ்கார் மன்றமும் இவ்வழக்கில் ஒருவகைத் தீர்ப்பு வழங்கிற்று. பத்துப் பிரிவுகளில் போட்டியிட்ட அப்படம் ஏழு விருதுகளை அள்ளியது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, காட்சி விந்தை, இசை, ஒலிக்கு இரண்டு என ஏழு. ஆண்டின் சிறந்த படம் என்னும் விருதோ 'பன்னிரண்டு ஆண்டுகள் அடிமை' என்ற வேறொரு படத்துக்குச் சென்றது. 'கிராவிட்டி' போட்டியிட்ட பத்துப் பிரிவுகளில் திரைக்கதை இல்லை என்பது கருதத்தக்கது. கண்ணுக்கும் செவிக்கும் பரிசளித்த மன்றம், எழுத்தைப் பரிந்துரைப் பட்டியலில் கூடச் சேர்க்கவில்லை!

பழைய வழக்கு

இவ்வழக்கு புதியதன்று, தமிழ்நாட்டில் திரையரங்கின் வயதே இவ்வழக்கின் வயது.

1905-ஆம் ஆண்டில், திருச்சி இரயில்வேயில் வரைபடப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அக்காலத்துப் படங்கள் பேசா. ஆகவே திரையருகே ஒருவர் நின்று, 'இவர் இன்னார், இப்போது நடப்பது இன்னது' என்று உரக்கக் கூறும் வழக்கம் நம் நாட்டுக் கொட்டகைகளில் இருந்தது. கண்ணுக்குக் காட்சி கிடைத்த பின்னரும், தமிழனின் காது சும்மா இருக்க ஒப்பவில்லை.

பின்னர்ப் படம் பேசத் தொடங்கிற்று. 1948-இல் எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' வெளிவந்தது. பெரும் பெரும் முரசுகளின் மீது நூற்றுக்கணக்கானோர் ஆடிய முரசு நடனத்தைக் கண்டு நாடே வாய் பிளந்தது. கதை என்னவோ, இளவரசர் இருவர் ஒரு பெண்ணுக்காகப் பகைக்கும் பழங்கதைதான். ஆனால் கண்ணுக்கு அப்படியொரு திருவிழாவைத் தமிழ்ப் படம் அதற்குமுன் தந்ததில்லை.

அடுத்த ஆண்டே, 1949-இல், அண்ணாவின் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' என்னும் இரு படங்கள் வந்தன. இங்கே முரசும் இல்லை; முரசின் மீது ஆடுவாரும் இல்லை. சொல்லே முரசாயிற்று. மக்கள் படம் 'பார்க்க' அன்று, படம் 'கேட்க'ச் சென்றனர். வசனங்களை மனப்பாடம் செய்து தெருவில் ஒப்பித்தனர். இவ்வாறு ஓராண்டு இடைவெளியில் தமிழ்த் திரைக்கு இரு வழிகள் அமைந்தன: ஒன்று கண்ணின் வழி, மற்றொன்று சொல்லின் வழி.

சொல்லின் வழியில் நம் சமுதாயத்தாரின் பங்கும் உண்டு. கவி கா. மு. ஷெரீப் பாட்டெழுதினார். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்ன'னுக்குக் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதிய ரவீந்தர், நாகூர் தந்த காஜா முகையதீனே ஆவார். சினிமா நமக்கு ஆகாது என்று வீட்டில் விலக்கிக் கொண்டிருந்த காலத்திலேயே, நம்மவர் எழுதிய சொல்லைத் தமிழ்நாடு திரையில் கேட்டுக் கொண்டிருந்தது.

விண்வெளியும் தமிழ்த் திரைக்குப் புதிதன்று. யூரி ககாரின் 1961-இல் விண்ணேறினார். இரண்டே ஆண்டுகளில், 1963-இல், எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, இசை வல்ல பெண்ணொருத்தியைத் தம் உலகுக்குக் கொண்டு செல்வது அதன் கதை. இங்கேயும் நம் மரபு பேசுகிறது, காணீர்! விண்வெளிக்குச் சென்றாலும் தமிழன் பாட்டைத்தான் எடுத்துச் சென்றான்! அதே 1963-ஆம் ஆண்டு நவம்பரில்தான் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ஏவுகணை விண்ணில் பாய்ந்தது. இராமேசுவரம் ஈன்ற அப்துல் கலாம் அப்பணியில் இளம் பொறியாளராக இருந்தார்.

மேலை நாட்டிலும் இப்பிளவு நேர்ந்ததுண்டு. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் '2001: ஓர் விண்வெளிப் பயணம்' என்ற படத்தை வெளியிட்டார். அவரோடு அதனை எழுதியவர், நமக்கு அண்மையில் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். நெடுநேரம் பேச்சே இல்லாத அப்படத்தின் தொடக்கக் காட்சிகளில் பலர் எழுந்து வெளியேறினர். குப்ரிக் உடனே ஏறத்தாழ 19 நிமிடக் காட்சிகளை வெட்டினார். நாளடைவிலோ அது உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. வெளியேறியவர்கள் மூடரல்லர், அவர்களின் காது பசித்திருந்தது, அவ்வளவே.

2018-இல் 'டிக் டிக் டிக்' என்ற தமிழ் விண்வெளிப் படம் வந்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. 'நம்மவரும் இவ்வாறு எடுத்துவிட்டனர்' என்று மகிழ்ந்தவர் ஒரு சாரார். 'விந்தை உண்டு, கதை பழையது' என்று சலித்தவர் மற்றொரு சாரார். ஆகவே பேருந்தில் நம் அருகில் அமர்ந்து வழக்காடியவர்கள், நெசவாளப் பெரியவரும் பொறியியல் மாணவரும் மட்டுமல்லர். ஒருவர் வாயால் 1948 பேசிற்று, மற்றவர் வாயால் 1949 பேசிற்று என்றே நாம் கருதுகிறோம்.

பொய்யா, மெய்யா?

'வெறும் காட்சிதானே' என்று இதனை ஒதுக்கிவிடவும் இயலாது. இந்தியாவில் அப்படம் ஓடிக் கொண்டிருந்த அதே பருவத்தில், 2013 நவம்பர் 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் செவ்வாயை நோக்கிப் புறப்பட்டது. அதற்கான செலவு சுமார் 450 கோடி ரூபாய். அப்படத்தின் செலவோ சுமார் 10 கோடி டாலர்; அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கும் மேல். விண்வெளியைப் படமாக்கிய செலவைவிட விண்வெளிக்குச் சென்ற செலவு குறைவு என்பதைப் பிரதமர் நரேந்திர மோடி 2014 ஜூனில் குறிப்பிட்டார். செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் அருணன், திருநெல்வேலிச் சீமையினர்.

படம் காட்டிய ஆபத்தும் கற்பனையன்று. ஒரு செயற்கைக்கோள் உடைந்தால் அதன் சிதறல் மற்றொன்றை உடைக்கும், அது வேறொன்றை உடைக்கும், இறுதியில் வானமே கடக்க முடியாத குப்பை மேடாகும் என்று டொனால்டு கெஸ்லர் 1978-இலேயே எச்சரித்தார். 2009 பிப்ரவரியில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றும், செயலிழந்த உருசியச் செயற்கைக்கோள் ஒன்றும் மெய்யாகவே மோதிச் சிதறின. சீனா 2007-இலும், இந்தியா 2019-இலும் தத்தம் செயற்கைக்கோளை ஏவுகணையால் தாக்கிச் சோதனை செய்தன. மனிதன் மண்ணில் செய்த குழப்பத்தை விண்ணுக்கும் கொண்டு சென்றுவிட்டான் என்பதே அப்படத்தின் முதற்பாடம்.

இருவரும் காணாதது

அவ்வாறாயின் கதை இல்லை என்று கூறிய நம் இளைஞர் தவறினாரா? கண் நிறைந்தது என்ற பெரியவர் வென்றாரா? இருவருமே ஒன்றைக் காணத் தவறினர் என்பது நம் எண்ணம். உண்மையைக் கூறுவதாயின், முதல் முறை பார்த்தபோது நாமும் அதனைக் காணவில்லை.

படத்தின் நடுவே ஓரிடம். அப்பெண் தனியாக ஒரு கலத்துள் அமர்ந்திருக்கிறாள். எரிபொருள் தீர்ந்துவிட்டது. வானொலியில் பூமியிலிருந்து யாரோ ஒருவரின் குரல். அவர் பேசும் மொழி அவளுக்குத் தெரியாது. நாய்களின் குரைப்பும் குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. தன் நான்கு வயது மகளை முன்பே இழந்த தாய் அவள். இன்று தான் இறந்துவிடுவோம் என்று அவள் சொல்கிறாள். தனக்காக இறைஞ்சுவார் யாருமில்லை என்கிறாள். தானே இறைஞ்சலாமென்றால், அதனைத் தனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை என்கிறாள்.

கோடிக் கணக்கான செலவும், ஏழு விருதுகளும், அத்தனை விளக்குகளும் இந்த ஒரு வாக்குமூலத்தைச் சுற்றி எழுப்பிய கோட்டை என்றே நமக்குத் தோன்றிற்று. எல்லாக் கல்வியும் கற்றவள். வானத்தில் கருவி பூட்டத் தெரிந்தவள். துஆக் கேட்கத் தெரியாதவள்! பின்னர் அவள் எழுகிறாள், முயல்கிறாள், பூமியில் வந்து விழுகிறாள். கரையில் ஊர்ந்து, ஈர மணலைக் கையால் பற்றி, நன்றி என்கிறாள். யாருக்கு நன்றி என்று படம் கூறவில்லை. நமக்குக் கூற வேண்டியதுமில்லை.

உயிர் பிழைக்கும் கதைகள் நம் மரபுக்கு அயலானவை அல்ல. மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் நபி (அலை) இறைஞ்சிய வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். ஸ்பெயின் நாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு துபைல், 'ஹைய் இப்னு யக்ளான்' என்னும் கதையை எழுதினார். ஆளில்லாத் தீவில் மானிடம் பால் குடித்து வளர்ந்த ஒருவன், தன்னந்தனியே உயிர் பிழைத்து, உடலையும் விண்மீன்களையும் ஆராய்ந்து, படைத்தவனை உணரும் கதை அது. 1671-இல் அது இலத்தீன் மொழியில் அச்சாயிற்று; ஐரோப்பியர் போற்றும் 'ராபின்சன் குருசோ' 1719-இல்தான் தோன்றிற்று. உடல் பிழைப்பது கதையின் பாதியே. எதற்காகப் பிழைத்தோம் என்று அறிவது மறு பாதி.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸபர் ஷுகூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். ஒன்றரை மணிக்கொரு முறை கதிரவன் உதிக்கும் இடத்தில் ஐவேளைத் தொழுகையைக் கணக்கிடுவது எப்படி? கிப்லா எந்தத் திசை? மலேசிய மார்க்க அறிஞர்கள் கூடி அவருக்காகவே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டனர். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஐவேளை. நேரத்துக்குப் புறப்பட்ட தளத்தின் கணக்கு. திசைக்கு இயன்றவரை கஅபா, இயலாவிடில் பூமி, அதுவும் இயலாவிடில் எந்தப் பக்கமும் ஆகலாம் என்று அவர்கள் எளிமைப்படுத்தித் தந்தனர். திரையில் ஒருத்தி, கற்றுத் தருவாரின்றித் தவித்தாள். மெய்யான விண்வெளியில் ஒருவர், கற்றுக் கொடுத்ததோடு சென்றார். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே நம் சமுதாயம் எண்ணிப் பார்க்க வேண்டிய தொலைவு.

கரையும் உடலும்

சினிமாவே கூடாது என்று கூறும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளமாட்டோம். கண் வழியே புகும் நஞ்சை அவர்கள் நிரம்பக் கண்டவர்கள். ஆயினும் திரை இன்று கொட்டகையில் மட்டும் இல்லை. குழந்தையின் உள்ளங்கையிலேயே இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லிக் காலத்தை ஓட்ட முடியாது. கண்டதைச் சிந்திக்கக் கற்றுக் கொடுப்பதே இனி இயலும்.

பார்வையைப் பற்றி உலகுக்குப் பாடம் சொன்னவரே நம்மவர்தாம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியலைப் பற்றிப் பெருநூல் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை நிகழ்வதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே நிகழ்கிறது என்று அவர் நிறுவினார். அத்தோடு நிற்கவில்லை. கண் ஒளியைப் பெறுகிறது. கண்டது இன்னதென்று பகுத்துத் தீர்ப்பளிப்பது அறிவு என்றும் விளக்கினார். வானங்களையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மீண்டும் மீண்டும் அழைப்பதும் இதற்காகவே அன்றோ? நோக்கு என்று மட்டும் சொல்லவில்லை. சிந்தி என்றும் சொல்கிறது.

நம் அண்டை வீட்டுப் பெரியவரின் தறியிலும் இந்தப் பாடம் உண்டு. காஞ்சிப் பட்டின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டையும் 'கோர்வை' முறையில், மூன்று நாடாக்கள் கொண்டு, துணைக்கு ஓர் ஆளும் இருந்து, இழைக்கு இழை பின்னிச் சேர்க்கின்றனர். சேலை நைந்தாலும் கரை தனியே பிரியாது என்பது இவ்வூர் நெசவாளரின் பெருமை. காட்சி கரை, கருத்து உடல். கரை மட்டும் கண்டு மயங்குவோரும், உடலில் பூவேலை இல்லையே என்று குறைபடுவோரும், சேர்த்துப் பின்னிய இடத்தைப் பார்ப்பதில்லை.

அன்று பேருந்து காஞ்சியை அடைந்தபோது இஷா நேரம் கடந்திருந்தது. நம் மருமகன் நம்மோடு தொழுதார். முடிந்ததும் படத்தின் அந்த நடு இடத்தைப் பற்றி நாம் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அப்போது நமக்கே அது எட்டவில்லை. பின்னொரு நாள் வீட்டில் அனைவரும் அமர்ந்து அப்படத்தை மீண்டும் பார்த்தபோது, அப்பெண் தனக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்று சொன்ன இடத்தில், கதையே இல்லை என்று வழக்காடிய அந்த இளைஞர் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் என்ன கண்டாய் என்று கேளுங்கள். அதற்கு முன்பே, தனியே நிற்கும் வேளையில் யாரை அழைப்பது என்பதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்து வையுங்கள். அதனைத் திரை கற்றுத் தராது; நாம்தான் தர வேண்டும்.